டப்பா தட்டினால் திரும்புவான்

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசையில் நடுமணி அடித்தபோது கோயிலில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் விழித்து அழுதன. ஜோவின் மட்டும் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். பின்பெஞ்சில் ஒருத்தி, "நல்ல பிள்ள. தள்ளய கஷ்டப்படுத்தாத பிள்ள" என்றாள். பெற்ற எனக்குப் பெருமையாக இருந்தது.

வெளியே வந்ததும் விமலபாய் சிஸ்டர் பிடித்துக்கொண்டார். சுகாதார நிலையத்து நர்ஸ், எங்கள் பங்குக் கோயில்காரர்தான்.

"பெமிலா, பயலுக்கு இப்ப எத்தன மாசம்?"

"மே வந்தா ரெண்டு வயசு சிஸ்டர்."

"வல்லதும் பறையானா?"

"இன்னும் பேச்சு வரல்ல."

சிஸ்டர் அவனுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினார். அவன் என் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"காத ஒண்ணு பாத்துரு பிள்ளே. பெரிய ஆஸ்பத்திரில செவ்வாய்க்கெழம தோறும் பாக்காவ. நான் சீட்டு எழுதித் தாறேன். ரெண்டு வயசுக்குள்ள பாத்தா நல்ல வழி உண்டு. தள்ளிப் போடாத."

வீட்டில் வந்து சொன்னேன். அஜின் சாயா குடித்துக்கொண்டே அவர் அம்மாவைப் பார்த்தார். மாமி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அஜின் மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கல்ல. அப்பனுக்க பிள்ளதான அவன். நர்சு பறஞ்சான்னு நீ கெடந்து பேடிக்காத."

சீட்டைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். வருகிற செவ்வாய் இல்லை, அதற்கடுத்ததில் போய்விடலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

இந்த விளை நிலம் மாமிக்கு அவள் அப்பா எழுதிக்கொடுத்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு, பின்னால் பன்றிக்கூடு, பக்கத்தில் கோழிக்கூடு. அஜின் ஹோட்டல் மிச்சத்தை டெம்போவில் கொண்டுவந்து இறக்குவார். அதை அரை டிரம்மில் கொதிக்க வைத்து, எலும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் போட்டு, தவிடும் மரச்சீனிக் கிழங்குத் தோலும் கலந்து ஆறவைத்து ஊற்றுவது நான். விலங்கியல் படித்ததற்குப் பொருத்தமான வேலை என்று கல்யாணத்தின்போது என் அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று மாமி ஒரு காரியம் செய்தாள். காயடித்து வளர்க்கும் பன்றிகளில் வெளுத்து நீண்ட ஒன்றைப் பிடித்து, காது நுனியில் கொஞ்சம் வெட்டி விட்டாள். நேர்ச்சைப் பன்றி. ஜூன் மாதம் அந்தோணியார் திருநாள் விருந்துக்கு அது போகும். ஜோவினுக்கு நாக்கு இளகவேண்டும் என்று நேர்ந்திருக்கிறாள்.

"அந்தோணியாருக்க நாக்கு இன்னும் அழியாம இருக்கு மக்ளே. செத்து எத்தன காலமாச்சு. நம்ம பயலுக்கு ஒரு நாக்க இளக்கித் தர அவருக்குப் பெரிய சோலியா?"

இனி தினமும் அந்தப் பன்றிக்குப் பிள்ளையைப் பெற்றவள்தான் முதல் தீவனம் ஊற்ற வேண்டுமாம். அதுவரை நான் ஒரு வாய் சாயாவும் குடிக்கக் கூடாது. நல்லது. நாக்கு அவனுக்கு, பட்டினி எனக்கு.

பிப்ரவரி 23, ஞாயிறு

நானே சோதித்துப் பார்த்துவிட்டேன். பயந்ததெல்லாம் வீண்.

தீவன நேரத்தில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கரண்டியால் தட்டுவோம். அந்தச் சத்தம் கேட்டால் ரப்பர் தோட்டத்துக்குள் மேயும் கோழிகள் எல்லாம் இறக்கையடித்துக்கொண்டு ஓடிவரும். பன்றிகள் கூட்டுச் சுவரில் முன்னங்காலை வைத்து நின்று அலறும். இன்று ஜோவினை முற்றத்தின் நடுவில் உட்காரவைத்தேன், முதுகு எனக்கு. கையில் ஒரு சிரட்டை கொடுத்தேன். அவன் கவனம் முழுக்க அதில் போனபிறகு நான் பின்னால் போய் நின்று டப்பாவைத் தட்டினேன்.

திரும்பினான்! உடனே. கோழிகள் அவனைச் சுற்றிக்கொண்டு பறந்துவர, அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

சாயங்காலம் இன்னொரு முறை. திரும்பினான். காது கேட்காத பிள்ளை எப்படித் திரும்பும்?

மாமி வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சந்தோஷத்தைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிற பிறவி.

பிப்ரவரி 24, திங்கள்

மறுபடியும் தட்டினேன். திரும்பினான்.

பிப்ரவரி 27, வியாழன்

சிஸ்டர் தடுப்பூசிக் கணக்கெடுக்க வந்தார். டப்பா விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "வீட்டுக்குள்ள வச்சுத் தட்டிப் பாத்தியா?" என்றார்.

"என்னத்துக்கு சிஸ்டர்? முற்றத்துலயே கேக்கே."

"கேட்டா நல்லதுதான். ஆனாலும் ஒரு தடவ கூட்டிட்டுப் போ. சீட்டு வச்சிருக்கியா?"

வைத்திருக்கிறேன் என்றேன்.

வீட்டுக்குள் தட்டிப் பார்க்கவில்லை. உள்ளே தட்டினால் மாமிக்குத் தலைவலி வரும்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று போவதாக இருந்தது. காலையில் ஜோவினுக்குச் சட்டை போட்டு, பால் குப்பியைப் பைக்குள் வைத்துவிட்டேன். நேர்ச்சைக்காரனுக்குத் தீவனம் ஊற்றப் போனபோது தாய்ப்பன்றி வைக்கோலை வாயால் கவ்விக் கவ்வி மூலையில் சேர்த்துக்கொண்டிருந்தது. மடியை அழுத்தினேன், பால் வந்தது. இன்றே குட்டி போட்டுவிடும்.

அஜின் டெம்போவை எடுக்கப்போனவர் வந்து நின்றார். "நீ இல்லாம இது நடக்குமா பெமி? அம்மைக்கு முன்னமாதிரி குனிய முடியாது. அடுத்த செவ்வாய் போலாம். ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப்போகாது."

சட்டையைக் கழற்றினேன். ஜோவின் அழுதான். வெளியே போகிறோம் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டிருப்பான்.

மத்தியானத்துக்குள் பதினொரு குட்டி. ஒவ்வொன்றையும் துடைத்து, தொப்புள் கொடியை வெட்டி, முலையில் விட்டேன். பிள்ளைக்குச் சோறு ஊட்ட உள்ளே போய் வருவதற்குள் தாய் புரண்டு படுத்து மூன்றை நசுக்கிவிட்டது. எங்கள் கூட்டில் குட்டி ஒதுங்கிக்கொள்ளக் கம்பித் தடுப்பு கிடையாது. வைக்கச் சொல்லி ஒரு வருடமாகச் சொல்கிறேன்.

"மூணு போச்சுன்னா எட்டு இருக்கில்லா" என்றார் அஜின்.

இந்த மூன்று போவதற்காகத்தான் நான் இன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

மார்ச் 12, புதன்

கூட்டை ஒட்டிச் சரிந்த கூரையோடு ஒரு சாய்ப்பு இருக்கிறது. அதில் ஒரு பழைய பலகைக் கட்டில். குட்டிகளுக்குப் போட அங்கே சாக்கு எடுக்கப் போனேன். சுவரில் ஒரு கொக்கி, அதில் நைந்த துண்டு ஒன்று.

"யாருக்க துண்டு மாமி?"

"எனக்க தம்பிக்கு உள்ளது. எலியாசு. அவன் அங்கதான் கெடப்பான்."

"பன்னிக்கூட்டுலயா?"

"பன்னியப் பாக்க ஆளு வேணும்லா. நல்லாப் பாப்பான். அவனுக்கு டப்பாவும் வேண்டாம், தட்டும் வேண்டாம். கம்ப வச்சு மண்ணுல குத்துனா பன்னி வந்து நிக்கும்."

தம்பி ஒருவர் இருந்ததே எனக்குத் தெரியாது. எப்போது செத்தார் என்று கேட்டேன். "சாக்க எடுத்துட்டு வா, குட்டி நடுங்குது" என்றாள்.

மார்ச் 27, வியாழன்

தவக்காலம். இறைச்சி வாங்க ஆள் இல்லாததால் வளர்ந்த பன்றிகள் கூட்டிலேயே தின்றுகொண்டு நிற்கின்றன. டிரம் அடுப்பின் புகையில் என் முடி முழுக்க ஹோட்டல் வாசம். எவ்வளவு குளித்தாலும் போவதில்லை. கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தி பஸ் ஸ்டாப்பில் பார்த்துப் பேசினாள், ஒரு அடி தள்ளி நின்றுதான்.

பக்கத்து வீட்டு ஷீபா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பேசினாள். அவள் மகள் ஆன்லின், ஜோவினைவிட இளையவள். "கோயி, கோயி, பன்னி நாத்தம்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாய மூடமாட்டா சவம்" என்றாள் ஷீபா. "ஒனக்க பிள்ளயப் பாத்தா ஆசயா இருக்கு பெமிலாக்கா. ஒரு சத்தம் உண்டா? புண்ணியம் செய்திருக்கணும்."

நான் புண்ணியம் செய்தவள்.

ஆறு மாதத்தில் ஜோவின் "ப்பா ப்பா" என்பான். அது எப்போது நின்றது என்று இன்று முழுவதும் யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாமியின் ஒரு பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஜோவினைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டாள். கூடை நிறைய ரப்பர் கொட்டை வைத்திருக்கிறாள். அவன் முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஒரு கொட்டையை அவன் தலைக்கு மேலாக வீசுவாள். அது அவன் முன்னால் விழும். அவன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரிப்பான். உள்ளே கட்டிலில் இருந்தால் பலகையை இரண்டு தட்டு தட்டுவாள்.

"வாயில போட்டு விக்கிருச்சுன்னா என்ன செய்யது மாமி? பேரு வச்சிருக்கில்லா, கூப்பிட்டா என்ன?"

"நீ கூப்பிடு" என்றாள்.

கூப்பிடுகிறேனே. நாள் முழுக்கக் கூப்பிடுகிறேன். விளையாட்டு மும்முரத்தில் எந்தப் பிள்ளை திரும்புகிறது?

ஏப்ரல் 10, வியாழன்

அடைக்கோழி பொரித்த குஞ்சுகளுக்குக் கறையான் புற்றை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மேலே பருந்து வட்டமிட்டது. தாய்க்கோழி ஒரு தனிச் சத்தம் கொடுத்தது. எல்லாக் குஞ்சும் ஒரே ஓட்டமாக அதன் இறக்கைக்குள் போயின. ஒன்று மட்டும் கறையானைக் கொத்திக்கொண்டு நின்றது. தாய் கத்தியது, மீண்டும் கத்தியது. அது நிமிரக்கூட இல்லை. பருந்து தூக்கிக்கொண்டு போனது.

அந்தக் குஞ்சுக்குப் பிறவியிலேயே காது கேட்காமல் இருந்திருக்கலாம். பறவைகளிலும் உண்டு. படித்திருக்கிறேன்.

இன்று வேறு எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் முழுக்கக் கல்யாணம். மண்டபத்து மிச்சம் டெம்போ டெம்போவாக வருகிறது. கொதிக்க வைக்காமல் ஊற்றினால் பன்றிக்கு நோய் வரும் என்பதால் டிரம்மை விட்டு நகர முடியவில்லை.

இன்று செவ்வாய் என்று அஜினிடம் சொன்னேன்.

"செவ்வாய்னா?"

"ஒண்ணும் இல்ல."

அவர் டெம்போவைத் திருப்பிக்கொண்டு போனார். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் மறந்தது எனக்குக் கோபமாக இருந்தது என்று எழுத நினைத்தேன். கோபம் வரவில்லை. வேறு ஒன்று வந்தது. மூச்சு விட முடிந்தது போல.

மே 8, வியாழன்

ஜோவினுக்கு இரண்டு வயது.

சேவல் ஒன்றை அடித்தோம். ஷீபாவும் ஆன்லினும் வந்தார்கள். அஜின் ஓலைப்பட்டாசு கட்டு ஒன்று வாங்கிவந்து முற்றத்தில் கொளுத்தினார். ஆன்லின் அலறி ஷீபாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜோவின் அசையாமல் நின்று புகையைப் பார்த்துக் கைதட்டினான்.

"பயமே இல்ல பாரு! பட்டாளத்துக்குப் போவான் எனக்க மகன்" என்று அஜின் அவனைத் தூக்கிச் சுற்றினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரிப்பதற்குக் கொஞ்சம் முன்பாகவே மாமி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மே 11, ஞாயிறு

இரண்டு கோழி தலையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக. வெள்ளைக்கழிச்சல் நோய். மாமி சந்தையில் வாங்கிவந்த வெடைக்கோழியைத் தனியாக அடைக்கச் சொன்னேன். நேராகக் கூட்டில் விட்டிருக்கிறாள்.

மே 13, செவ்வாய்

காலையில் கூட்டைத் திறந்தால் பாதி செத்துக் கிடந்தன. மிச்சம் கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டம் சுற்றின. குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். ஜோவின் ஒரு செத்த குஞ்சைத் தூக்கி, அதன் அலகைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் எதைக் கண்டாலும் வாயைத்தான் பார்க்கிறான். நான் பேசினாலும் என் உதட்டைத் தொட்டுப் பார்க்கிறான். அடித்துப் பிடுங்கி, கையைக் கழுவிவிட்டேன்.

இன்றும் செவ்வாய்தான். இந்தக் கையோடு எங்கே போவது?

மே 20, செவ்வாய்

மூன்று கோழி மிஞ்சியிருக்கிறது. டப்பா தட்டினேன். அவை பைய நடந்து வந்தன. ஜோவின் மெதுவாகத்தான் திரும்பினான். கோழி அவன் பக்கத்தில் வந்த பிறகு.

வெயில். பிள்ளைக்கு அசதி.

மே 21, புதன்

சிஸ்டரைப் பார்த்தேன். மருந்துக்கடை பக்கமாகத் திரும்பி நடந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

அந்தோணியார் திருநாளுக்குக் கொடியேறிவிட்டது. மாலைதோறும் நவநாள் ஜெபம். மாமி ஒரு நாள் விடாமல் போகிறாள். ஜெபம் முடிந்து வந்ததும் ஜோவினின் நாக்கில் கோயில் எண்ணெயைத் தொட்டு வைக்கிறாள். அவன் முகத்தைச் சுளித்துத் துப்புகிறான். காதில் வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை.

திருநாள் முடியட்டும், அடுத்த செவ்வாய் கட்டாயம் என்று அஜினிடம் சொல்லிவிட்டேன். "நேர்ச்ச முடியட்டும், அவன் பறைவான் பாரு. ஆஸ்பத்திரி வேண்டிவராது" என்றார்.

ஜூன் 9, திங்கள்

பக்கத்துப் பஞ்சாயத்தில் ஒரு பண்ணையில் பன்றிக் காய்ச்சலாம். அங்கே எல்லாவற்றையும் கொன்று குழியில் தள்ளுகிறார்கள். பரவினால் நமக்கும் அதே கதி. அஜின் காலையிலிருந்து போனும் கையுமாக நின்றார். மாலையில் லாரி வந்தது. வளர்ந்தவை, தாய், நான் துடைத்தெடுத்த எட்டுக் குட்டிகள், எல்லாம் ஏற்றினார்கள். பின்னங்காலைப் பிடித்துத் தூக்கும்போது போட்ட அலறலில் தன் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது என்றாள் ஷீபா. ஜோவின் லாரியின் சக்கரத்தைக் கையால் சுற்றப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நேர்ச்சைக்காரனை மட்டும் மாமி விடவில்லை. "அது நம்முடையது இல்ல" என்றாள். மிஞ்சிய மூன்று கோழிகளையும் அஜின் லாரிக்காரனுக்கே கொடுத்துவிட்டார். எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஜூன் 12, வியாழன்

கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளையும் இன்னொருவரும் வந்து நேர்ச்சைப் பன்றியைக் கொண்டுபோனார்கள். அது என்னைப் பார்த்ததும் தீவனத்துக்கு என்று நினைத்துத் தானாக எழுந்து வந்தது. நாலு மாதம் என் கையால் தின்றது.

ஜூன் 13, வெள்ளி

திருநாள். பந்தியில் எங்கள் பன்றியை எல்லாரும் சாப்பிட்டார்கள். "நல்ல கொழுப்பு" என்று மாமியிடம் சொன்னார்கள். மாமி ஜோவினுக்கு ஒரு துண்டைப் பிய்த்து ஊட்டினாள். ஊட்டிவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் மென்றான்.

ஜூன் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அஜின் டெம்போ எடுத்துப் போய்விட்டார். மாமி உள்ளே கிடந்தாள். எனக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. இந்த வீட்டுக்கு வந்தபிறகு முதல்முறை. அடுப்பு மூட்ட வேண்டாம், கூடு கழுவ வேண்டாம். பழக்கத்தில் கால் பின்பக்கம் போனது. கூடு காய்ந்து கிடந்தது. சுவரில் டப்பா தொங்கியது.

ஜோவின் முற்றத்தில் உட்கார்ந்து மண்ணில் கிடந்த கோழி இறகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். முதுகு எனக்கு.

டப்பாவை எடுத்துத் தட்டினேன்.

முற்றத்தில் எதுவும் அசையவில்லை. ஓடிவரக் கோழி இல்லை. அலறப் பன்றி இல்லை. ஜோவின் ஒரு இறகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

இன்னும் பலமாகத் தட்டினேன். இரண்டடி கிட்டே போய்த் தட்டினேன். கரண்டி வளைந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் நாய் குரைத்தது. "என்ன பெமிலாக்கா, பாம்பா?" என்று கத்திக்கொண்டே ஷீபா ஈரக்கையோடு ஓடிவந்தாள். ஆன்லின் அவள் பின்னாலேயே வந்து காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. அவன் தலைக்கு ஒரு முழம் பின்னால் நின்று தட்டினேன். அவன் இறகை வாயால் ஊதினான். அது பறந்தது. சிரித்தான்.

மாமி வந்து என் கையைப் பிடித்தாள்.

"போதும் மக்ளே. வச்சிரு. கேக்காது."

ஷீபா ஆன்லினைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் எட்டிப் போகும்வரை மாமி காத்திருந்தாள்.

"எப்பந்தொட்டு தெரியும் மாமி?"

"தொட்டில்ல கெடக்கும்பளே தெரியும். ஒரு நாளு மண்சட்டி கீழ விழுந்து ஒடஞ்சுது. எனக்க நெஞ்சு நின்னுபோச்சு. அவன் மேல பாத்துச் சிரிச்சிட்டு கெடந்தான்."

"சொல்லிருக்கலாம்லா! அவரு மூணு வயசுலதான் பறஞ்சாருன்னு சொன்னீங்களே!"

"அஜின் பத்து மாசத்துல பறஞ்சவன். மொதல்ல பறஞ்சதே 'சவம்'னுதான்." அதைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் சிரிக்கப் போய்க் கோணியது. "எலியாசுக்கு எலியாசுன்னு பேரு உண்டுன்னு இந்த ஊர்ல எத்தன பேருக்குத் தெரியும்? செவிட்டுப் பொட்டன்னு கேளு, எல்லாவனும் சொல்லுவான். அப்பன் அவன பன்னியோட கொண்டு கெடத்துனாரு. செத்தப்பவும் பாதிரியாரு பேரு கேட்டாரு, கூட நின்னவன் பொட்டன்னுதான் சொன்னான். நான் போய்த் திருத்த வேண்டியிருந்துது. இவன எல்லாரும் நல்ல பிள்ள, நல்ல பிள்ளன்னு சொன்னாவ. அந்தப் பேரு கொஞ்ச நாளு நிக்கட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள அந்தோணியாரு வல்லதும் செய்வாருன்னு..."

"காலம் போச்சு மாமி. ரெண்டு வயசுக்குள்ள பாக்கணும்னு சிஸ்டர் சொன்னாவ. காலம் போச்சு."

"சீட்டு ஒனக்க பைபிள்ளதான இருந்துது."

நான் டப்பாவைக் கீழே வைத்தேன்.

"நீ படிச்ச பிள்ள. டப்பாவ எடுத்துட்டு முற்றத்துக்கே போவிய, வீட்டுக்குள்ள ஒரு நாளும் தட்டல்ல. ஒனக்கும் தெரியும்னுதான் நெனச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணத்தான் ஒளிச்சு வைக்கோம்னு இருந்தேன்."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

மாமி மடியிலிருந்து ஒரு ரப்பர் கொட்டையை எடுத்தாள். அவன் தலைக்கு மேலாக வீசினாள். அது அவன் முன்னால் விழுந்தது. அவன் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்து, வாய் நிறையச் சிரித்தான்.

எனக்குத் தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

அஜினிடம் சொன்னேன். நீண்ட நேரம் டெம்போவுக்குள் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கிவந்து, "ஒருவேள சளி அடச்சிருக்கும். கோழிச்சூப்பு வச்சுக் குடுத்தா?" என்றார். வீட்டில் கோழி இல்லை என்பது அவருக்கு ஞாபகம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

போனோம். மாமியும் வந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளையைத் தூங்கவைத்துத் தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். மற்ற பிள்ளைகளைத் தூங்கவைக்க முடியாமல் அம்மாக்கள் வராந்தாவில் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு ஆள் இருமினாலும் விழித்துக்கொள்கின்றன. ஜோவின் ஐந்து நிமிடத்தில் தூங்கினான். "நல்ல பிள்ளை" என்றாள் அங்கிருந்த பெண். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு காதும் கேட்கவில்லை. டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். கருவி உண்டு, அறுவைச் சிகிச்சைக்கு எழுதலாம், பயிற்சி வேண்டும், நாளாகும். "இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"எப்பலேர்ந்து உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு?"

மாமி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவள் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

"போன சனிக்கிழமதான் டாக்டர்" என்றேன். "அதுவரைக்கும் டப்பா தட்டினா திரும்புவான்."

மாமி என்னைப் பார்த்தாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.